காத்திருத்தல் என்பது சும்மா இருத்தலா?



நம்முடைய ஜெபக்கூட்டங்களில் மிக அதிகமாகக் கூறப்படும் ஆலோசனை எது என்று எண்ணிப் பார்த்தால், கர்த்தருக்குக் காத்திருங்கள் என்பதாகவே இருக்கும். வேலை கிடைக்காத வாலிபனுக்கும் அதையே கூறுகிறோம். பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியருக்கும், கடன் சுமையால் உறக்கம் இழந்த தகப்பனுக்கும் அதையே கூறுகிறோம். கூறுகிறவருக்கு அது எளிது. கேட்டுவிட்டு வீடு திரும்பி, வாடகை கேட்க வந்து நிற்கும் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கோ அது எளிதன்று. எப்படிக் காத்திருப்பது? எதுவரை காத்திருப்பது? கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதா? இந்தக் கேள்விகளைச் சபையில் எழுந்து கேட்க அவர் கூச்சப்படுகிறார். கேட்டால் விசுவாசக் குறைவு என்பார்களோ என்று அஞ்சுகிறார். ஆகவே இம்மாதம் அந்தக் கேள்விகளை நாமே எடுத்துக்கொள்வோம்.

உங்களில் பலர் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டன்மேடு ஆகிய மலைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். வேறு பலர் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் எனப் பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலிருந்து கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைப்புக்காக வந்தவர்கள். உங்கள் பெற்றோரில் அநேகர் இன்னமும் அங்கேயே இருக்கிறார்கள். காத்திருத்தலைப் பற்றி வேதம் கற்பிக்கும் பாடங்களை விளங்கிக்கொள்ள, நீங்கள் பிறந்து வளர்ந்த அந்த மண்ணே போதுமான உதாரணங்களைத் தருகிறது.

விவசாயியின் பொறுமை

யாக்கோபு தம்முடைய நிருபத்தின் 5 ஆம் அதிகாரத்தில் பொறுமைக்கு மாதிரியாக ஒரு பயிரிடுகிறவனைக் காட்டுகிறார். அவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிறான். இஸ்ரவேல் தேசத்தில் முன்மாரி அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்து நிலத்தை உழுவதற்குப் பதப்படுத்தும். பின்மாரி மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்து கதிரை முற்றச் செய்யும். இரண்டில் ஒன்று தவறினாலும் விளைச்சல் குன்றிவிடும்.

இது உங்களுக்குப் புதிதன்று. இடுக்கி மலைகளில் ஜூன் முதல் இடவப்பாதியும், அக்டோபர் முதல் துலாவர்ஷமும் பெய்கின்றன. ஆயினும் அதே மாவட்டத்தில் மறையூர் மழை மறைவில் அமைந்திருக்கிறது. பாலக்காட்டிலும் அப்படியே. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்தில் திறந்திருக்கும் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் கிழக்கே செல்கின்றன. எனினும் சித்தூர்ப் பக்கத்து நிலங்கள் மேற்கிலுள்ள நிலங்களைப்போல் நனைவதில்லை. மேகம் தலைக்கு மேலே கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு, பரம்பிக்குளம் ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவைத் தாண்டி எப்பொழுது வரும் என்று வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் விவசாயியை நீங்கள் அறிவீர்கள். அடுத்த வீட்டில் ஆசீர்வாதம் பொழிய, தன் வீடு மட்டும் வறண்டு கிடப்பதாக எண்ணும் விசுவாசியின் மனநிலையும் அதுவேயல்லவா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மழைக்குக் காத்திருக்கிற விவசாயி ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. வரப்பை வெட்டுகிறான். வாய்க்காலைத் தூர் வாருகிறான். விதையைப் பாதுகாக்கிறான். ஏலத்தோட்டத்தில் நட்ட கன்று பலன் தர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை களை எடுக்கவும், நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கவும் ஆள் வேண்டும். அதன் பின்னும், உயர்ந்து நிற்கும் தட்டையின் உச்சியில் ஏலக்காய் தோன்றுவதில்லை. தூரடியில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் அது பிடிக்கிறது. குனிந்து பார்க்கிறவனுக்கே அது தெரியும்.

மழையைப் பெய்யப்பண்ணுவது விவசாயியின் கையில் இல்லை. நிலத்தை ஆயத்தமாக வைத்திருப்பது அவன் கையில் இருக்கிறது. தேவனுடைய பங்கையும் தன்னுடைய பங்கையும் குழப்பிக்கொள்ளாதவனே உண்மையாகக் காத்திருக்கிறவன். வேலைக்காக ஜெபிக்கிற சகோதரனே, விண்ணப்பம் எழுதுவதும் புதிய தொழிலைக் கற்றுக்கொள்வதும் அவிசுவாசம் அல்ல. சுகத்துக்காக ஜெபிக்கிற சகோதரியே, மருத்துவர் கொடுத்த மருந்தை நேரம் தவறாமல் உட்கொள்வது கர்த்தரைச் சந்தேகிப்பதாகாது. அது வரப்பு வெட்டுவதைப் போன்றது.

தாத்தா காணாததைப் பேரன் கண்டான்

தேக்கடிக்கு அருகே பெரியாற்றின் குறுக்கே நிற்கும் அணையை நீங்கள் அறிவீர்கள். அதைக் குறித்து இன்று இரு மாநிலங்களுக்கிடையே நடக்கும் வழக்குகளை இங்கே பேசப்போவதில்லை. அது உருவான கதையை மட்டும் நினைவுகூருவோம். மேற்கே பாய்ந்து கடலில் கலக்கும் அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பினால் வறண்ட நிலம் பிழைக்கும் என்ற யோசனை 1789 ஆம் ஆண்டளவிலேயே இராமநாதபுரத்தில் எழுந்தது. செலவு மிகுதி என்று அது கைவிடப்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் அரசுடன் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887 இல் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் பொறுப்பில் வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் கூலியாட்கள் பலர் மடிந்தனர். முடிவில் 1895 அக்டோபரில் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தண்ணீர் கிழக்கே பாய்ந்தது.

யோசனை எழுந்த நாளிலிருந்து கணக்கிட்டால் நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. அதை முதன்முதலில் எண்ணியவர்கள் ஒரு துளி நீரையும் காணவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அவர்களுக்குப் பின்வந்த தலைமுறையே நெல் அறுத்தது.

எபிரெயர் 11 ஆம் அதிகாரமும் இதையே நமக்கு முன் வைக்கிறது. ஆபிரகாமின் 25 ஆண்டுக் காத்திருப்பைப் பற்றி நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். 75 வயதில் புறப்பட்டவர் 100 வயதில் ஈசாக்கைக் கண்டார். ஆனால் அவருக்கு வாக்களிக்கப்பட்ட தேசத்தில், தம் மனைவியை அடக்கம்பண்ண வாங்கிய நிலத்தைத் தவிர, அவருக்குச் சொந்தமாக என்ன இருந்தது? தூரத்தில் கண்டு, விசுவாசித்து, மரித்தார். நம்முடைய ஜெபங்கள் சிலவற்றின் பதிலை நம் பிள்ளைகள் பெற்றுக்கொள்வார்கள். தேயிலைக் கூடையை முதுகில் சுமந்த தாய், லயத்தின் ஒற்றை அறையில் முழங்காலில் நின்று கேட்டவற்றை, அவளுடைய மகளாகிய நீங்கள் இன்று நகரத்தில் அனுபவிக்கிறீர்கள் அல்லவா? அவள் ஜெபம் கேட்கப்படவில்லை என்று யார் சொல்லக்கூடும்?

பொறுமை என்பது வாய்மூடி இருத்தல் அல்ல

இங்கே ஓர் எச்சரிப்பு அவசியம். பொறுமையைப் பற்றிய யாக்கோபின் வார்த்தைகளை நாம் விரும்பி வாசிக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னே அவர் என்ன எழுதியிருக்கிறார் என்பதைக் கவனிக்கத் தவறுகிறோம். வயலை அறுத்த வேலைக்காரரின் கூலி பிடித்துவைக்கப்பட்டதையும், அந்தக் கூலியே கூக்குரலிடுவதையும், அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய செவிகளை எட்டியதையும் அவர் எழுதுகிறார். அந்தக் கூக்குரலுக்குப் பிறகே பொறுமையாயிருங்கள் என்ற புத்தி வருகிறது. ஆகவே வேதம் கற்பிக்கும் பொறுமை அநியாயத்தை மூடிவைக்கிற பொறுமை அல்ல.

பீர்மேடு வட்டாரத்தில் 2000 ஆம் ஆண்டையொட்டிச் சில தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டன. சம்பள பாக்கியும், வருங்கால வைப்பு நிதியும், கிராஜுவிட்டியும் கிடைக்காமல், ஒழுகும் லயங்களில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. சிலர் கைவிடப்பட்ட செடிகளில் கொழுந்து கிள்ளி விற்று வயிறு வளர்த்தனர். இவ்வாறு பல மாநிலங்களில் நிலுவைக்காகக் காத்திருந்த தேயிலைத் தொழிலாளரின் காரியம் 2006 இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வழக்காக வைக்கப்பட்டது. அந்தக் கூலியின் கூக்குரலும் கர்த்தருடைய செவியில் விழுந்ததே.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததும் உங்கள் நினைவில் இருக்கும். முந்தைய ஆண்டில் 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தெருவில் வந்து அமர்ந்தனர். பொம்பிளை ஒருமை என்ற பெயர் அப்படித்தான் எழுந்தது. அப்பொழுது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். ஒன்பது நாள் கழிந்தபின், போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் என முடிவாயிற்று. பின்னர் அக்டோபரில் கூலி 301 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அவர்கள் கேட்ட 500 ரூபாய் கிடைக்கவில்லை. எனினும் கேட்டதனால் வந்தது அது.

இப்படிக் கேட்பது விசுவாசிகளுக்கு அடுக்குமா என்று சிலர் வினவலாம். எண்ணாகமம் 27 ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நின்று, தங்கள் தகப்பனின் சுதந்தரத்தைக் கேட்டார்கள். மோசே அதைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்டது சரியே என்று கர்த்தர் தீர்ப்பளித்தார். எகிப்தின் சிறையில் இருந்த யோசேப்பும் பானபாத்திரக்காரனிடம் தன்னை நினைக்கும்படி கேட்டுக்கொண்டான். அவன் மறந்துபோனான். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. கேட்டது குற்றம் என்று வேதம் யோசேப்பைக் கண்டிக்கவில்லை. கேட்கவேண்டியதை மரியாதையோடும் உண்மையோடும் கேட்டுவிட்டு, முடிவைக் கர்த்தரிடம் விட்டுவிடுவதே காத்திருத்தல்.

அவசரத்தின் விலை

மறுபக்கத்தில் அவசரம் என்னும் கண்ணி இருக்கிறது. கில்காலில் சவுல் ஏழு நாள் காத்திருந்தான். சாமுவேல் வரவில்லை. ஜனங்கள் சிதறினார்கள். சவுல் தானே பலியைச் செலுத்தினான். அவன் செலுத்தி முடித்த வேளையில் சாமுவேல் வந்து நின்றார். இன்னும் சிறிது பொழுது அவனால் பொறுத்திருக்க முடியவில்லை.

நகரத்தில் நம் குடும்பங்களைக் கில்கால் வேறு உருவில் சந்திக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்குகிறது. கைபேசியில் ஒரு கடன் செயலி ஐந்து நிமிடத்தில் பணம் தருவதாக அழைக்கிறது. கந்துவட்டிக்காரர் கையெழுத்து மட்டும் போதும் என்கிறார். வெளிநாட்டு வேலைக்கு முன்பணம் கேட்கும் முகவர் இன்றே கட்டச் சொல்லுகிறார். காணிக்கை கொடுத்தால் இத்தனை நாளில் அற்புதம் என்று நாள் குறித்துச் சொல்லுகிறவரும் வருகிறார். இவர்கள் யாவருக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு. அது உடனே என்பது. அந்தச் சொல்லைக் கேட்கும்போது சற்று நில்லுங்கள். வீட்டாரோடு கலந்து பேசுங்கள். கணக்குத் தெரிந்த ஒரு மூத்த சகோதரரிடம் தாளைக் காட்டுங்கள். ஓர் இரவு ஜெபித்த பின்னும் சரியாகத் தோன்றும் காரியம் மறுநாளும் சரியாகவே இருக்கும்.

உதவி வராத இரவு

பிரியமானவர்களே, இதுவரை கூறியவற்றை ஒப்புக்கொள்வது எளிது. இனிக் கூறுவதே கடினமானது.

2020 ஆகஸ்ட் 6 ஆம் தேதி இரவு, இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் பெருமழைக்கு நடுவே மலை சரிந்தது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் புதைந்தன. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால், விடிந்த பின்னரே வெளியுலகம் அறிந்தது. வழியில் பாலமும் பழுதுபட்டிருந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. குவி என்னும் வளர்ப்பு நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆற்றில் சிக்கியிருந்த இடத்தைப் பல நாட்களுக்குப் பின் காட்டிக்கொடுத்ததை நாடே கேட்டுக் கண்ணீர் விட்டது.

அந்த இரவில் அங்கே ஜெபம் இல்லாமலா இருந்திருக்கும்? காத்திருந்தால் உதவி வரும் என்று கூறுகிற நாம், பெட்டிமுடியைப் பற்றி என்ன கூறுவோம்? அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்றோ, ஏதோ பாவம் இருந்தது என்றோ கூறத் துணிகிறவர், யோபுவின் மூன்று சிநேகிதரோடு அமர்ந்துவிடுகிறார். அந்த மூவரையும் கர்த்தர் கடிந்துகொண்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று நம் ஆண்டவரே தெளிவாக்கினார். எபிரெயர் 11 ஆம் அதிகாரத்திலும், பட்டயத்துக்குத் தப்பினவர்களும் பட்டயத்தால் மரித்தவர்களும் ஒரே விசுவாசப் பட்டியலில் இடம்பெறுகிறார்கள்.

இலாசருவின் வீட்டைப் பாருங்கள். செய்தி அனுப்பப்பட்டது. இயேசு இரண்டு நாள் தாமதித்தார். அவர் வந்தபோது இலாசரு கல்லறையில் நான்கு நாளாயிற்று. நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டானே என்று இரு சகோதரிகளும் அவர் முகத்துக்கு நேரே கூறினார்கள். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மரியாளின் அழுகையைக் கண்டு அவரும் கண்ணீர் விட்டார். இன்னும் சில நிமிடங்களில் எழுப்பப்போகிறவர் எதற்காக அழவேண்டும்? துக்கத்தை அவசரமாகக் கடந்துபோக அவர் விரும்பவில்லை என்பதையே அது காட்டுகிறது. பெட்டிமுடியின் உறவுகளுக்கும், பதில் வராத மற்ற வீடுகளுக்கும் நாம் கொண்டுபோக வேண்டியது விளக்கம் அல்ல, உடனிருத்தலே. உயிர்த்தெழுதலின் நம்பிக்கை நமக்கு உண்டு. அந்த நம்பிக்கையை அழுகிறவர்களோடு அமர்ந்து, அவர்கள் கேட்க ஆயத்தமாகும்போது மெதுவாகக் கூறுவோம்.

நீங்களே பதிலாக இருக்கலாம்

பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்த மனிதன் இயேசுவிடம் கூறிய முறையீடு என்ன? தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்பதே. அங்கே தண்ணீர் இருந்தது, கலங்குகிற வேளையும் இருந்தது. தூக்கிவிட ஒரு மனிதன் இல்லை. இன்றும் பலருடைய காத்திருப்பு நீளுவதற்கு இதுவே காரணமாயிருக்கிறது.

2020 மே மாதத்தில், ஊரடங்கு வேளையில், அனுமதிச் சீட்டு இல்லாமல் கேரளத்துக்குத் திரும்பியவர்கள் வாளையார் சோதனைச் சாவடியில் வெயிலில் காத்து நின்றார்கள். மே 10 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கேரள உயர் நீதிமன்றம் சிறப்பாகக் கூடி, எல்லையில் சிக்கியவர்களுக்கு அனுமதி வழங்க வழிசெய்தது. நின்றவர்கள் காத்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்காக யாரோ மனு எழுதினார்கள், யாரோ விடுமுறை நாளில் அமர்ந்து கேட்டார்கள். பெட்டிமுடியில் எஞ்சிய குடும்பங்களில் எட்டுக்கு, மூணாற்றுக்கு அருகே குட்டியாறு பள்ளத்தாக்கில் பின்னர் வீடுகள் கட்டித் தரப்பட்டதும் மனிதர் கைகளால் ஆனதே. கர்த்தர் தம் உதவியைப் பெரும்பாலும் மனிதர் கையில் கொடுத்தனுப்புகிறார். அந்த மனிதர் வீட்டைவிட்டுப் புறப்படாவிட்டால், காத்திருக்கிறவர் கர்த்தர் தாமதிக்கிறார் என்று எண்ணிக்கொள்கிறார்.

ஆகவே இம்மாதம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, ஊரிலிருக்கும் தாய் தகப்பனின் வைப்பு நிதி, கிராஜுவிட்டி, ஓய்வூதியத் தாள்களை விடுமுறையில் போகும்போது எடுத்துப் பாருங்கள். எழுத்தறியாத அவர்கள் எந்த மேசையின் முன் எத்தனை மாதமாய் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஒரு நாள் விடுப்பு அவர்களுடைய ஓர் ஆண்டுக் காத்திருப்பை முடிக்கக்கூடும். இரண்டாவது, மலையிலிருந்து புதிதாக உங்கள் தெருவுக்கு வந்திருக்கும் குடும்பத்தை அறிந்துகொள்ளுங்கள். பள்ளிச் சேர்க்கை, ரேஷன் அட்டை, வாடகை முன்பணம் ஆகியவற்றில் வழிகாட்ட ஒருவர் இருந்தால் அவர்கள் கந்துவட்டிக்குப் போகமாட்டார்கள். மூன்றாவது, நீண்டகாலமாகப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒருவரைத் தேர்ந்து, ஆலோசனை எதுவும் கூறாமல், வாரம் ஒருமுறை அவரோடு அமர்ந்து ஜெபியுங்கள்.

நீங்கள் காத்திருக்கிறவரானால் நிலத்தை ஆயத்தமாக வையுங்கள். கேட்கவேண்டியதைக் கேளுங்கள். உடனே என்று அழைக்கிறவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். பதில் வராத நாட்களிலும் கர்த்தர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறவாதிருங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகத் தகப்பனே, மலைகளிலும் எல்லைகளிலும் நகரத்தின் சிறிய அறைகளிலும் உமது உதவிக்காகக் காத்திருக்கும் உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். பிடித்துவைக்கப்பட்ட கூலிக்கு நியாயம் செய்யும். அன்பானவர்களை இழந்தவர்களின் அருகே நீரே அமர்ந்திரும். சோர்ந்த கைகளுக்கு இன்று செய்யவேண்டிய வேலையைக் காட்டும். பிறருடைய ஜெபத்துக்குப் பதிலாக எங்களை அனுப்பும்போது, புறப்பட்டுப்போகிற மனதை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.